ஃபீனிக்ஸ் பே டீக்கடையும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

2006 டிசம்பர். சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகப்போகிற நேரம். ஃபீனிக்ஸ் பே டாக்யார்டில் எங்களுக்கு வேலை கழுத்து வரைக்கும் இருந்தது. ஷிப்ட் முடிந்தால் ஜெட்டி ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஆட்கள்தான். இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, எல்லா ஊர்த் தமிழும் அங்கே கேட்கும். ஊரிலிருந்து கப்பலில் மூன்று நாள் தள்ளி இருந்தாலும், ஊர் வம்பு மட்டும் எப்படியோ சுடச்சுட வந்து சேர்ந்துவிடும்.

டிசம்பர் 9-ஆம் தேதி தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணைவிட 0.03 விநாடிதான் முன்னால். செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா அம்மாவுக்குப் பிறந்த பெண். நமக்கு அறந்தாங்கிப் பக்கம், அதே மாவட்டம். சும்மா இருப்பேனா? அன்றைக்கு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் என் கணக்கில் டீ.

பத்து நாள்கூட ஆகவில்லை. பாலினப் பரிசோதனையில் சாந்தி தேறவில்லை, பதக்கம் போகிறது என்று செய்தி. அதே டீக்கடை, அதே ஆட்கள். ஒருத்தர் ஒரு ஜோக் அடித்தார். அதை இங்கே எழுத மாட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்த அதே வாய்.

ராத்திரி குவார்ட்டர்ஸுக்கு வந்து படுத்த பிறகுதான் அத்தாச்சி ஞாபகம் வந்தது.

அத்தாச்சி என் அத்தை மகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவர். வயசுக்கு வரவில்லை. நம்ம ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர், பந்தல், மைக்செட் என்று ஊரையே கூட்டிச் சொல்கிற வழக்கம் இருக்கிற இடத்தில், பந்தல் போடாத வீடு எது என்பதும் ஊருக்கே தெரிந்துபோகும். சீருக்கென்று எங்க அப்பா வாங்கி வைத்த பட்டுப் பாவாடை பெட்டியிலேயே இருந்து மடிப்பு மடிப்பாக நைந்துபோனது. பதினெட்டு வயதில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். "கர்ப்பப்பை இல்லை, கல்யாணம் பண்ணாதீங்க" என்று இரண்டு வரி சொல்லி அனுப்பினாராம். ஏன், எதனால் என்று யாரும் கேட்கவும் இல்லை, அவரும் சொல்லவில்லை. அத்தாச்சி தையல் மிஷின் வாங்கிப் போட்டு உட்கார்ந்தவர்தான். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாத தம்பி" என்றார்.)

அந்த "ஏன்" என்ற கேள்விக்காகத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, கப்பல் ரிப்பேர்காரன். இங்கே இன்டர்நெட் அப்போதெல்லாம் சாட்டிலைட் வழியாக நத்தை வேகத்தில் வரும் (சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்ததே 2020 ஆகஸ்டில்தான்). ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்படி வருடக் கணக்கில் படித்துச் சேர்த்த கதை இது.

ஆரம்பம் ஒரு சேவலில். 1849, ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரம். ஆர்னால்டு பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு சேவல் குஞ்சுகளின் விரைகளை எடுத்தார். விரை எடுத்த சேவலுக்கு என்ன ஆகும் என்று கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்: கொண்டை சுருங்கிவிடும், கூவாது, சண்டைக்கும் நிற்காது. பெர்த்தோல்டு செய்த புதுமை, சில குஞ்சுகளுக்கு ஒரு விரையை எடுத்து வயிற்றுக்குள்ளேயே வேறு இடத்தில் வைத்துத் தைத்தது. நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. ஆனாலும் அவை முழுச் சேவலாக வளர்ந்து கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கூவின. அப்படியானால் சேதி நரம்பு வழியாகப் போகவில்லை, ரத்தத்தில் போகிறது. அந்தச் சேதிக்கு "ஹார்மோன்" என்ற பெயரே 1905-இல் லண்டனில் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் சொல்லித்தான் வந்தது. டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1935-இல். அதே வருடம் அதைச் செயற்கையாகவும் செய்துவிட்டார்கள். அந்த வழி வேலைக்காக புடெனான்ட், ருசிக்கா என்ற இருவருக்கும் 1939-இல் நோபல் கிடைத்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 1947-இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் செய்த சோதனைதான். தாய் முயலின் வயிற்றுக்குள் இருக்கும் கருக்குட்டிக்கே அறுவை செய்து, விரையாகப் போகிற பகுதியை எடுத்தார். பிறகு அந்தக் கருக்குட்டிகளைப் பார்த்தால், குரோமோசோம் ஆணாக இருந்தும் உடம்பு பெண்ணாக இருந்தது. அதாவது கருவில் முதல் ஆறேழு வாரம் மனிதக் குழந்தைக்கும் இரண்டு வழிக்கான குழாய்களும் தயாராக இருக்கின்றன. ஆணாக ஆவதற்கு விரையிலிருந்து இரண்டு உத்தரவுகள் வர வேண்டும். ஒன்று, ஆண் உறுப்புகளைக் கட்டச் சொல்லும் டெஸ்டோஸ்டிரோன். மற்றது, கர்ப்பப்பையாக ஆகப்போகிற குழாயைக் கரைக்கச் சொல்லும் வேறொரு ஹார்மோன். இரண்டும் வராவிட்டால் உடம்பு பெண் வழியில் போய்விடும்.

உத்தரவு வருவது மட்டும் போதுமா? இங்கே கப்பல்காரனாக ஒரு உதாரணம் சொல்கிறேன். மேலே பிரிட்ஜில் கேப்டன் "ஃபுல் அஹெட்" என்று டெலிகிராஃபைத் தள்ளுகிறார். கீழே எஞ்சின் ரூமில் அந்த டெலிகிராஃப் செத்துக் கிடந்தால் என்ன ஆகும்? கேப்டன் நூறு தடவை தள்ளினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் விஷயத்திலும் இது நடக்கும். 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஜான் மோரிஸ் இப்படி 82 பேரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து எழுதினார். குரோமோசோம் ஆணுக்குரிய எக்ஸ்-ஒய். வயிற்றுக்குள் விரை இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உடம்பின் செல்களில் வேலை செய்யவில்லை. அதனால் பிறக்கும்போதே பெண், வளர்வதும் பெண்ணாக, மார்பு வளரும், மனதாலும் பெண். மாதவிலக்கு மட்டும் வராது. இன்று இதற்கு ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்று பெயர். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு இருந்தாலும், முழு ஏற்பின்மை உள்ளவர் உடம்புக்கு அதனால் துளிகூடப் பயன் கிடையாது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. குரோமோசோம் பெண்ணுக்குரியது, கர்ப்பப்பையும் இருக்கும். ஆனால் அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால் கருவிலேயே ஆண் ஹார்மோன் அதிகமாகி, பிறக்கும்போது பார்த்தவுடன் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும். அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுகிற நம்ம பக்கத்தில் இதைக் கொஞ்சம் கவனமாகவே பார்க்க வேண்டும். சிலவகையில் உடம்பில் உப்பு குறைந்து பச்சைக் குழந்தை உயிருக்கே ஆபத்தாகிவிடும். பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம், மருந்தும் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தச் சோதனை பல இடங்களில் தானாகவே நடந்திருக்கும்.

இப்போது ஒரு தற்செயலைச் சொல்லியாக வேண்டும். ஹார்மோன் மூளையை என்ன செய்கிறது என்று தேடப் போனால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது 1959-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையை. முதல் ஆசிரியர் பெயர் சார்லஸ் ஃபீனிக்ஸ்! ஃபீனிக்ஸ் பே-யில் உட்கார்ந்து ஃபீனிக்ஸைப் படிக்கிற யோகம் யாருக்கு வரும் :-) சினையாக இருந்த கினி பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு இணைசேரும் பழக்கத்தில் ஆண்போல நடந்தன. பெரிதான பிறகு அதே ஊசியைப் போட்டால் இந்த மாதிரி நிலையான மாற்றம் வரவில்லை. பிறப்பதற்கு முன் ஹார்மோன் அமைத்து வைக்கிறது, வளர்ந்த பிறகு அமைத்ததை ஓட்டுகிறது என்றார்கள். ட்ரை டாக்கில் ஹல் கட்டுவதற்கும், கட்டின கப்பலைக் கடலில் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் மனுஷன் கினி பன்றி இல்லை. மேலே சொன்ன அட்ரினல் பிரச்சினையோடு பிறந்த பெண் குழந்தைகள் மற்றப் பெண் குழந்தைகளைவிட லாரி, பந்து என்று விளையாடுவது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் அவர்களில் பெரும்பாலானோர் தங்களைப் பெண்ணாகத்தான் உணர்கிறார்கள். சரி, வளர்ப்புதான் எல்லாம் என்று சொல்லலாமா? அதுவும் இல்லை. கனடாவில் 1965-இல் பிறந்த டேவிட் ரைமர் என்ற ஆண் குழந்தைக்கு, சிகிச்சை ஒன்றில் நேர்ந்த விபத்தால் உறுப்பு போய்விட்டது. ஜான் மணி என்ற அமெரிக்க நிபுணர், பெண்ணாக வளர்த்தால் பெண்ணாகிவிடும் என்று பெற்றோருக்கு அறிவுரை சொன்னார். வெற்றி என்று எழுதியும் வைத்தார். அந்தப் பிள்ளையோ ஒரு நாளும் பெண்ணாக உணரவில்லை. பதினாலு வயதில் உண்மை தெரிந்து ஆணாகவே வாழத் தொடங்கினார். 1997-இல் இது வெளியே வந்தது. 2004-இல் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் அந்த "வெற்றி"யை நம்பி, இடைப்பாலினக் குறிகளோடு பிறந்த குழந்தைகளை உலகம் முழுக்கப் பல வருடங்களாக ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்துவிட்டார்கள்.

விளையாட்டுக்கு வருகிறேன். பெண்கள் போட்டிக்குள் ஆண்கள் வேஷம் போட்டு வந்துவிடுவார்கள் என்ற பயம் பழையது. 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை டாக்டர்கள் முன்னால் ஆடையில்லாமல் நிற்க வைத்தார்கள். அது அசிங்கம் என்று 1968 ஒலிம்பிக்கிலிருந்து கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி குரோமோசோம் பார்த்து, "பெண்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். (1976 மான்ட்ரியலில் குதிரையேற்றத்துக்கு வந்த இங்கிலாந்து இளவரசி ஆனுக்கு மட்டும் சோதனை இல்லையாம். ராணி மகளை யார் கேட்பது?)

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினியோவிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. 1985-இல் ஜப்பானில் கோபே போட்டிக்குப் போகும்போது அதை வீட்டிலேயே மறந்துவிட்டார். அவ்வளவுதான். மறுபடி சோதனை, எக்ஸ்-ஒய் என்று வந்தது. அடிபட்டதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த வருடம் தேசியப் போட்டியிலும் அதையே சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, ஓடி ஜெயித்தார். செய்தி பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை, சாதனைகள், நிச்சயித்த மாப்பிள்ளை எல்லாம் போனது. அவருக்கு இருந்தது ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை. டெலிகிராஃப் செத்த எஞ்சின் ரூம். டெஸ்டோஸ்டிரோனால் அவருக்கு ஒரு நன்மையும் கிடையாது. பார்க்கப்போனால் சாதாரணப் பெண்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நன்மைகூட இல்லை. மூன்று வருடம் போராடி 1988-இல் மீண்டும் அனுமதி வாங்கினார். 1996 அட்லாண்டாவில் 3387 பெண்களைச் சோதித்ததில் 8 பேர் "தேறவில்லை". அதில் 7 பேருக்கு முழுதாகவோ பாதியாகவோ இதே ஏற்பின்மை. எட்டுப் பேரும் ஓட அனுமதிக்கப்பட்டார்கள். எல்லோரையும் சோதிக்கும் முறையை சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் நிறுத்தியது. பட்டினியோ தன் கதையைத் தானே எழுதி 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

2005. தோஹாவுக்கு ஒரு வருடம் முன்னால். உலகத்துக்கே தெரிந்துவிட்டது, டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் சோதனை இல்லை என்றானபோது, "சந்தேகம் வந்தால் மட்டும்" என்ற ஒரு வாசல் திறந்தே இருந்தது. சந்தேகம் யார் மேல் வரும்? பார்வைக்கு யார் ஒத்துவரவில்லையோ அவர் மேல். கத்தக்குறிச்சிப் பெண் மேல் வந்தது.

சாந்தியின் மருத்துவ அறிக்கையில் என்ன இருந்தது என்று பத்திரிகைகள் அன்று என்னென்னவோ எழுதின. அதை நான் திருப்பி எழுதப்போவதில்லை. அது அவருடைய உடம்பு. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பட்டினியோவுக்கு நடந்ததைப் போலத்தான் இவருக்கும் நடந்தது. பதக்கம் போனது. முதலமைச்சராக இருந்த கருணாநிதி, அந்தச் செய்தி வந்த பிறகும் பின்வாங்காமல் 15 லட்சம் ரூபாய் கொடுத்தார்; கட்சி எதுவானாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2007-இல் உயிரை விடவும் முயன்றார். 2012-இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று படத்தோடு செய்தி வந்தது. அந்தப் படத்தை நான் பார்த்ததும் ஃபீனிக்ஸ் பே-யில் வைத்துத்தான். பக்கத்தில் டீக்கடை கோஷ்டியில் ஒருத்தர் இருந்தார். இந்தத் தடவை யாரும் ஜோக் அடிக்கவில்லை.

2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்துக்கு இதே நிலை வந்தது. இப்போது அளவுகோல் மாறியிருந்தது. 2011 விதிப்படி ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோலைத் தாண்டக் கூடாது. தூத்தி சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். அந்த ஹார்மோன் அளவால் எவ்வளவு சாதகம் என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015 ஜூலையில் விதியை நிறுத்தி வைத்தார்கள். தூத்தி 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார். அதே வருடம் புது விதி: 5 நானோமோல், அதுவும் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைக்கும் மட்டும். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா ஓடுகிற 800 மீட்டர் அதற்குள் மாட்டியது. 2019-இல் அவர் தோற்றார். 2023-இல் எல்லா ஓட்டத்துக்கும் 2.5. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில், செமென்யாவுக்கு சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அதே வருடம் செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு எஸ்ஆர்ஒய் என்ற ஒரு மரபணு இருக்கிறதா என்று எல்லா வீராங்கனைகளையும் சோதிக்கத் தொடங்கியது. முழு ஏற்பின்மை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. 1990-இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, இதற்கு அதைப் பயன்படுத்துவது தவறு என்று எழுதினார்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆண் பருவமடையும்போது டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கும் பலம் நிஜம். உச்ச நிலை ஓட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இடைவெளி இருக்கிறது. பெண்களுக்கென்று தனிப் போட்டி வைத்ததே அதனால்தான். "எங்களுக்கு நியாயம் வேண்டாமா" என்று மற்ற வீராங்கனைகள் கேட்பதில் தப்பில்லை. எங்கே கோடு போடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் வெல்டிங் ஜாயின்ட் பார்த்துக்கொண்டு இங்கே இருக்கிறேன்? என் ஆத்திரம் கோட்டின் மேல் இல்லை. முதலில் கண், பிறகு குரோமோசோம், அப்புறம் ஹார்மோன், இப்போது மரபணு என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு நிறுத்தத்தில் இறங்கி "இதுதான் ஊர்" என்று சொன்னார்களே, அந்த நிச்சயத்தின் மேல்தான். நடுவில் தோற்றுப்போனவர்களுக்குத் தனி அறையில் உட்கார வைத்துச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்லையே, அதன் மேலும்தான்.

நம்ம பக்கம் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பு சொல்லும்போது, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமில்லாத பாலின அறுவைகளைத் தடை செய்யச் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் நம்முடையது. உலகத்தில் முதலில் செய்த நாடு மால்டா, 2015-இல். மால்டாவும் தீவுதான். (நம்ம தீவுக்கு இன்னும் அந்த யோசனை வரவில்லை. ஊர் பெயர் மட்டும் 2024-இல் போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.)

போன லீவில் ஊருக்குப் போனபோது அத்தாச்சியிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். சேவல் கதை, முயல் கதை, எஞ்சின் ரூம் கதை. அவருக்கு இருந்தது இதில் எது என்று எனக்குத் தெரியாது. கர்ப்பப்பை இல்லாமல் பிறக்க வேறு காரணங்களும் உண்டு. "இப்போகூட டெஸ்ட் எடுத்தா சொல்லிருவாங்க அத்தாச்சி, தஞ்சாவூர் போலாமா?" என்றேன். மிஷினில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எங்க அம்மா செத்துப்போகும்வரை கோயில் கோயிலாக அலைந்திருக்காதே என்றார். அப்புறம்,

"அந்த ஓட்டக்காரப் புள்ள என்ன ஆச்சு தம்பி?"

"2016-ல கவர்மென்டுல கோச் வேலை நிரந்தரமாக் குடுத்துட்டாங்க அத்தாச்சி. பதக்கம் மட்டும் திரும்ப வரல."

"கோச்சுன்னா, புள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்குறதா?"

"ஆமா."

"ம்" என்றார். பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, மிஷின் பெடலை மிதித்தார்.